ஜிமிக்கி வச்ச பத்திரிகை

உள்ள வாங்கக்கா. பார்த்துக் கால் வைங்க, தரை பூரா அட்டை காயுது. இந்தப் பக்கம் பாய்ல உக்காருங்க. இவன் என் பையன். புது ஆளைக் கண்டா என் முந்தானைக்குள்ள போயிருவான். என்னை மாதிரியே. எனக்கும் ஆளுங்ககிட்டப் பேச வராதுக்கா, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லலைன்னா திமிருன்னு நினைச்சுராதீங்க.

எந்த மாடல் பத்திரிகை? கோயம்புத்தூர்ல பாத்தீங்களா? உங்க நாத்தனா வீட்டுல, சாமி படத்துக்குப் பக்கத்துல... ஜன்னல் மாதிரி ஜிமிக்கி வெட்டி, சுத்தி செவப்பும் பச்சையும் கல்லு பதிச்ச மாதிரி இருந்துச்சா? ஆமாக்கா. அது நான் செஞ்சதுதான்.

அதைத் தவிர வேற எது வேணாலும் சொல்லுங்க, செஞ்சு தாரேன். மயில் இருக்கு. கோலம் இருக்கு. உங்க பிள்ளைக்குக் காதுகுத்துத்தான? தொட்டில் மாடல்கூட நல்லாருக்கும். ஜிமிக்கி வேணாம்க்கா. அதை வெட்டுற பிளேடு அச்சு, டைன்னு சொல்வோம், அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் அதை எடுத்து வெட்ட மனசு வரலை.

ஏன்னு கேட்டா என்ன சொல்றது. நீங்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க. சொல்லாம அனுப்பினா அதுவும் தப்பு. ஒரு வாய் டீ குடிங்க, சொல்றேன். பெரிசா ஒண்ணுமில்ல. அளவு தப்பாப் போச்சு, அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரர் இங்க சிவகாசியில ஒரு அச்சாபீசுல டை பஞ்சிங் ஓட்டுறார். நான் எட்டாவது பாதியில நின்னுட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி கவர் ஒட்டப் போவேன், அப்படித்தான் அட்டை பழக்கம். ஆபீசுல கழிச்சுப் போட்ட அட்டை வெட்டுற சின்ன உருளை மிஷின் ஒண்ணு, கையால சுத்துறது, அதை இவர் கேட்டு வாங்கிட்டு வந்து குடுத்தார். "நீ வீட்டுல சும்மாதான இருக்க, சுத்திப் பாரு" ன்னார். அப்படி ஆரம்பிச்சதுதான்.

இவன் பிறந்தப்ப ஏழாம் மாசத்துலயே பிறந்துட்டான்க்கா. கையளவு இருந்தான். மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தான், நான் அந்த வராந்தாவே கதின்னு கிடந்தேன். அப்ப மூத்தவ சுபிக்குப் பேச்சு வந்தும் வராத வயசு. சுபிக்ஷான்னு பேரு. அவளை யாரு பாக்கிறது? இவரோட அக்கா, ஜெயக்கொடின்னு, கோயம்புத்தூர்ல இருக்காங்க. நான் மதினின்னு கூப்பிடுவேன். அவங்களுக்குப் பிள்ளை இல்ல. "நீ இவனைப் பாரு மாரி, அவளை நான் பாத்துக்கிறேன்" ன்னு தூக்கிட்டுப் போனாங்க. அந்த நேரத்துல அவங்க மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ. அதை மறக்கக் கூடாதுல்ல?

இவன் தேறி வீட்டுக்கு வந்ததும் கூப்பிடத்தான் நினைச்சோம். சளி பிடிச்சிருக்கு, சரியாகட்டும்னாங்க. அப்புறம் அங்க பால்வாடி சேத்துட்டேன், நடுவுல நிறுத்தக் கூடாதுன்னாங்க. அப்புறம் நல்ல ஸ்கூல். இங்க நம்ம தெருவுல என்ன ஸ்கூல் இருக்கு சொல்லுங்க. அவளும் அங்க நல்லா இங்கிலீசு பேசுறா. நல்லதுக்குத்தான்.

போன்ல பேசுவா. அவங்களை அம்மாங்கிறா, என்னை அத்தைங்கிறா. சின்னப் பிள்ளை, யார் கூட இருக்காளோ அவங்களைத்தான கூப்பிடுவா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா "அம்மா பேசுறேன்டி" ன்னுதான் ஆரம்பிப்பேன். ஒவ்வொரு தடவையும். அவ "சொல்லுங்க அத்தை" ம்பா. நான் மறுபடி "அம்மா கேக்குறேன், சாப்பிட்டியா" ம்பேன். அதை மட்டும் நான் விடலை.

இப்படி இருக்கும்போது போன ஐப்பசியில மதினி போன் பண்ணினாங்க. "தை மாசம் சுபிக்குக் காது குத்தப் போறோம். பத்திரிகை நீதான் செய்யணும். கடையில அடிச்சதெல்லாம் வேணாம், உன் கைவேலைதான் வேணும்" ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியலை. என் பிள்ளைக்கு நான் செய்யாம யாரு செய்வா?

என் அண்ணன் காளிராஜுக்கு உடனே சொன்னேன். லோடு ஆட்டோ ஓட்டுறான். காதுகுத்துன்னா தாய்மாமன் மடிதான முக்கியம். அவன் எப்ப எப்பன்னு காத்துக்கிட்டு இருந்தவன். "என் மடிக்கு ஒரு வேலை வந்துருச்சுடி" ன்னு சிரிச்சான். மறுநாளே பட்டுப்பாவாடைத் துணி எடுக்கக் கடைக்குப் போயிட்டான்.

நான் சாதாரணமாச் செய்யக் கூடாதுன்னு நினைச்சேன். போன்ல ஒரு பொம்பளை செஞ்சு காட்டுறதைப் பாத்தேன். என்ன பாஷையோ, ஒண்ணும் புரியலை, கையை மட்டும் பாத்துக்கிட்டே இருந்தேன். நம்ம டையில பிளேடுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் ஒட்டியிருப்பாங்க, வெட்டினதும் அட்டையை அது வெளிய தள்ளிரும். அவ ரப்பர் ஒட்டாம வெட்டினா. அட்டை டைக்குள்ளயே கவ்வி நின்னுக்கிச்சு. அதை எடுக்காம, உள்ள இருக்கும்போதே மையை ஒத்தினா. பிளேடு சுவர் மாதிரி நிக்குதா, ஒரு கலர் இன்னொண்ணு கூடச் சேரலை. எடுத்தா கலருக்கும் கலருக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. கல்லு பதிச்ச நகை தோத்துப் போகும்.

இவர்கிட்டச் சொன்னேன். "பைத்தியமா, ரப்பர் இல்லாம அட்டை கிழிஞ்சுரும்" ன்னார். சொல்லிட்டு அவரே உக்காந்து பிளேடை வளைச்சார். நடுவுல ஜிமிக்கிக்கு வெட்டுற பிளேடு. சுத்தி கல்லுக்கெல்லாம் மொண்ணைப் பிளேடு, அது வெட்டாது, அமுக்கி மட்டும் விடும். "என் மகளுக்குப் போடுற ஜிமிக்கி, கோணக் கூடாது" ன்னு சொல்லிச் சொல்லி வளைச்சார். அன்னைக்கு அவர் மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க.

முதல்ல எல்லாம் நாசம். நான் ஸ்பாஞ்சை வச்சுத் தேச்சுட்டேன், மை பிளேடுக்கு அடியில ஓடி செவப்பும் பச்சையும் சேந்து சேறாப் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, தேய்க்கக் கூடாது, ஒத்தணும். ஸ்பாஞ்சும் ஈரமா இருக்கக் கூடாது. கையை வச்சு ஒத்தினா பிளேடு விரலைக் கிழிக்குது. பென்சில் நுனியில ஸ்பாஞ்சைக் கட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் மழை. அடைமழைல மை காயவே மாட்டேங்குது. ரொம்பக் காய விட்டா அட்டை டையோட ஒட்டிக்கிட்டு கிழியுது, சீக்கிரம் எடுத்தா இழுகுது. புறங்கையை வச்சுப் பாப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் பாப்போம்ல, அப்படி. ஈரம் தெரியாம, ஆனா குளிர்ச்சி மட்டும் தெரியும்போது எடுக்கணும். அது கைக்குத்தான் தெரியும்க்கா, சொல்லி வராது.

முதல் நல்ல அட்டை வந்தப்ப நான் சத்தம் போட்டுச் சிரிச்சேனாம். இவர் சொல்றார். நான் சத்தமாச் சிரிக்கிற ஆளே இல்ல.

அந்த ஜிமிக்கி ஜன்னல் இருக்கே, அதுக்குள்ள உள் பக்கத்து எழுத்து தெரியணும். மேல சுபிக்ஷான்னு பெரிசா. அதுக்குக் கீழ பொடியா அப்பா அம்மா பேரு. நான் ஒரு தாள்ல எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதி, வீரக்குமார், மாரீஸ்வரின்னு, அதை வச்சுத்தான் அளவெடுத்தேன். இவரும் அந்த அளவுக்குத்தான் பிளேடு வளைச்சார்.

டை எல்லாம் சரியாகி, எழுத்து அடிக்கப் போகணும்னு மதினிகிட்ட மேட்டர் கேட்டேன். போன்ல அனுப்பினாங்க. இவர்தான் வாங்கிப் படிச்சார். படிச்சுட்டு என்கிட்டக் குடுக்கலை. "என்ன, குல தெய்வம் பேரு தப்பா இருக்கா" ன்னு கேட்டேன். போனை அப்படியே கட்டில்ல வச்சுட்டு வெளிய போயிட்டார்.

எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எங்கள் அன்பு மகள் செல்வி சுபிக்ஷா. இப்படிக்கு, ராமச்சந்திரன், ஜெயக்கொடி. ராமச்சந்திரன்னா மதினி வீட்டுக்காரர். அதுவரைக்கும் சரி, வளக்கிறவங்க பேரு, போட்டுட்டுப் போகட்டும். அதுக்குக் கீழ, தாய்மாமன் வீரக்குமார்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கலைக்கா. அப்புறம்தான்... மதினி அம்மான்னா, மதினியோட தம்பிதான தாய்மாமன். கணக்கு சரியாத்தான இருக்கு.

அண்ணனுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. வாசல்லயே நின்னு கத்தினான். "கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? அவன் பெத்த பிள்ளைக்கு அவனே மாமனா? அப்ப நான் யாரு, பந்தியில இலை எடுக்க வந்தவனா?"

"மெதுவா பேசுண்ணே. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். உன் மாப்பிள்ளையைக் கூப்பிடு, அவன் எனக்கு மச்சானா இல்ல எனக்குப் போட்டியான்னு கேக்கிறேன்."

இவர் உள்ள சுவரைப் பாத்துப் படுத்திருந்தார். எந்திரிக்கலை. அண்ணன் துணிப் பையைத் திண்டுல வச்சான். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு. "உன் நாத்தனா பிள்ளைக்குப் போடு, போ" ன்னு சொல்லிட்டுப் போனவன்தான். இன்னும் வரலை. அவனுக்குக் கோபம் ஜாஸ்தி. பேருக்குத்தான்னு சொன்னா கேட்டாத்தான?

மதினிகிட்ட நான் கேட்டேன்க்கா. கேக்கலைன்னு நினைக்காதீங்க. எனக்குப் பேச வராது, ஆனாலும் கேட்டேன். "மதினி, தாய்மாமன்ல மட்டும் எங்க அண்ணன் பேரைப் போடலாமா" ன்னு. அவங்க அழுதுட்டாங்க.

"இங்க எல்லாரும் எங்க பிள்ளைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க மாரி. உங்க அண்ணன் வந்து மடியில வச்சா, யாரு இவர்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லுவேன்? எத்தனை காதுகுத்து, எத்தனை வளைகாப்பு, எல்லாத்துலயும் என்னை ஓரமாத்தான் உக்கார வச்சாங்க. ஆரத்தித் தட்டைத் தொடப் போனா, நீ இரும்மான்னு வாங்கிக்குவாங்க. ஒரே ஒரு நாள் நான் நடுவுல உக்காந்துக்கிறேனே."

இதுக்கு நான் என்னக்கா பதில் சொல்ல முடியும்? சொல்லுங்க. நானும் பொம்பளைதான.

பேருக்குத்தான். ஒரு நாளைக்குத்தான். சரின்னுட்டேன்.

எழுத்து அடிச்சு வந்துச்சு. நான் வெட்டி, மை ஒத்தி, மடிச்சு, ரெண்டு மூணு அட்டையை மாதிரிக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். மறுநாளே மதினி போன். "என்ன மாரி, இப்படிச் செஞ்சுட்ட?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மை இழுகிருச்சோன்னு நினைச்சேன். "என் பேரு பாதிதான் தெரியுது. ஜெயன்னு நிக்குது, மிச்சம் அட்டைக்குள்ள போயிருச்சு. அவர் பேருலயும் ரா-வைக் காணோம்."

அப்பத்தான் பாக்கிறேன். நான்தான் எங்க பேரு ரெண்டையும் வச்சு ஜன்னல் அளவெடுத்திருந்தேன்ல? அவங்க பேரு நீளம். உள்ள அடங்கலை. இத்தனை அட்டை வெட்டியிருக்கேன், ஒண்ணுலகூட என் கண்ணுக்குப் படலை பாருங்க. சுபிக்ஷா நடுவுல வந்திருக்கா, கல்லு கலர் சேராம இருக்கா, அதை மட்டும்தான் பாத்திருக்கேன்.

"வேணும்னுதான செஞ்ச?" ன்னாங்க.

சத்தியமா இல்லக்கா. வேணும்னு செய்வேனா? அளவு தப்பு, தொழில்ல யாருக்கும் வரும். இவர்கிட்டயே கேட்டேன், "நீங்களாவது பாத்திருக்கலாம்ல, டை வளைச்சவர் நீங்கதான" ன்னு. என்னை ஒரு பார்வை பாத்தார். "பாத்தேன்" ன்னார். அவ்வளவுதான்.

வெட்டின டையைப் பெரிசாக்க முடியாது. பிளேடை எல்லாம் பிடுங்கிட்டு முதல்ல இருந்து வளைச்சார். இந்தத் தடவை வாயே திறக்கலை. ஜன்னலை அகலமாக்கினதுல ஜிமிக்கி கொஞ்சம் சப்பையாப் போச்சு. உங்க நாத்தனா வீட்டுல இருக்கிறது அந்த சப்பை ஜிமிக்கிதான். முதல்ல செஞ்சது அதைவிட அழகுக்கா. நீங்க பாக்கலை.

மறுபடியும் வெட்டி, மறுபடியும் மை ஒத்தி, எல்லாம் முடிச்சு அனுப்பினேன். கை பூரா செவப்பு ஏறிப் போச்சு. குழம்பு கொதிக்க வச்சா மை வாசம், இவனுக்குச் சோறு ஊட்டினா மை வாசம்.

காதுகுத்துக்குப் போனோம். நல்ல பெரிய மண்டபம். வாசல்ல சந்தனம், ரோஜாப்பூ, வந்தவங்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம். பத்திரிகையைக் கையில வச்சு வச்சுப் பாத்தாங்க. "யாரு செஞ்சது, எங்க அடிச்சது" ன்னு ஒருத்தங்க மாத்தி ஒருத்தங்க கேட்டாங்க. "என் தம்பி பொண்டாட்டி கையாலயே செஞ்சது" ன்னு மதினி பெருமையாச் சொன்னாங்க. என்னைக் கூப்பிட்டு நாலு பேருக்குக் காட்டினாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

சுபி வளந்துட்டா. குஞ்சம் வச்சுப் பின்னி, பச்சைப் பட்டு. மதினி எடுத்தது. அண்ணன் எடுத்த பாவாடையும் என் பையில இருந்துச்சு. வெளிய எடுக்கலை. எடுக்கிற மாதிரி நேரம் அமையலை.

இவரை மனையில உக்கார வச்சு மாலை போட்டாங்க. மாமன் மாலை. சுபியைத் தூக்கி மடியில வச்சாங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பேரு என்னவா இருந்தா என்ன, பெத்த அப்பா மடியிலதான உக்காந்திருக்கா? எந்தப் பிள்ளைக்கு அந்தக் குடுப்பினை இருக்குன்னு நினைச்சேன். இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்கு மூணாவது வரிசையில இடம். முன்னாடி எல்லாம் அவங்க வீட்டுக்காரர் சொந்தம். இவனும் மடியில நச்சரிச்சுக்கிட்டே இருந்தான்.

ஆசாரி முதல் காதுல குத்தினார். சுபி "மாமா, வேணாம் மாமா, விடுங்க மாமா" ன்னு கத்தினா. இவர் தலையைக் கவுத்துக்கிட்டார். பிடிச்சிருந்த கையை விட்டுட்டார். ஆசாரி "மாமா, பிள்ளையை நல்லாப் பிடிங்க" ன்னு ஒரு அதட்டல் போட்டார். சபையே சிரிச்சுச்சு. "மாமனுக்கே தைரியம் இல்லையே" ன்னு யாரோ சொன்னாங்க.

ரெண்டாவது காது குத்தும்போது "அம்மா" ன்னு ஒரு சத்தம் போட்டா. நான் எந்திரிச்சுட்டேன்க்கா. இவனைப் பக்கத்துல யார் மடியிலயோ போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். என்னைத்தான் கூப்பிட்டா. எனக்குத் தெரியாதா என் பிள்ளை சத்தம்? நடுவுல நாற்காலி, ஆளுங்க காலு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள மதினி பக்கத்துலயே இருந்தாங்களா, அவங்க தூக்கிட்டாங்க. அவங்க தோள்ல மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டா. மூணாவது வரிசை தூரம், அதான். முன்னாடி உக்காந்திருந்தா என்கிட்டத்தான் வந்திருப்பா.

இவரு அதுக்கப்புறம் சாப்பிடலை. மாலையைக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு மண்டபத்துக்கு வெளிய போய் நின்னுக்கிட்டார். இப்பல்லாம் வீட்டுல அதிகம் பேசுறது இல்ல. வேலைப்பளு. ஆபீசுல சீசன் நேரம்.

பந்தி முடிஞ்சு எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். கண்ணுல தூசி விழுந்த மாதிரி தண்ணியாக் கொட்டுச்சு. சுபி ஐஸ்கிரீம் கையில வழிய வழிய என்கிட்ட வந்தா. தானா வந்தா, யாரும் அனுப்பலை. ரெண்டு காதும் செவந்து வீங்கி இருந்துச்சு. நான் குனிஞ்சு ஊதிவிட்டேன். அவ மேல புது வாசம் ஏதோ, எனக்குத் தெரியாத சோப்பு. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்னா.

"அத்தை, ஏன் அழறீங்க? உங்களுக்கும் குத்திட்டாங்களா?" ன்னா.

என் காதைத் தொட்டுப் பாத்தா. ஐஸ்கிரீம் கையோட. சில்லுன்னு இருந்துச்சு.

நான் சொல்லியிருக்கணும்ல? போன்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன். முழுசா ஒரு வருஷம் கழிச்சு என் கைக்குள்ள நிக்கிறா, பக்கத்துல யாரும் இல்ல, மதினி அங்க போட்டோவுல நிக்கிறாங்க. அம்மான்னு ஒரு சொல்லு. வாய் வரைக்கும் வந்துச்சு.

"இல்லடா தங்கம். அத்தைக்கு ஒண்ணுமில்ல" ன்னேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லலைக்கா. நானாத்தான் சொன்னேன். அவ சரின்னு தலையை ஆட்டிட்டு, அவங்க அம்மாகிட்ட ஓடிட்டா.